எஸ்தருக்கும் பாத்திமாவுக்கும் நடுவே

இருட்டி, தெருவில் கடைசிக் குக்கரும் விசிலடித்து ஓய்ந்த பிறகு, இரண்டு வீடு தள்ளியிருந்த ஜன்னலிலிருந்து மீசை வைத்த கனத்த ஆண்குரல் ஒன்று, ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளையின் அடக்கத்தோடு, "பிரசன்ட், சிஸ்டர்" என்றது.

தோளில் மகளைப் போட்டுத் தட்டிக்கொண்டே முன்னறையில் உலாத்திக்கொண்டிருந்த ஃபபியோலா அப்படியே நின்றுவிட்டாள். அவள் பயந்த பிறவி. பல்லி சத்தம் போட்டாலும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிறவள். புருஷன் டெல்வின் சரக்குக் கப்பலில் ஏறிப்போய், கரை தொட்டால் போன், தொடாவிட்டால் அதுவும் இல்லை என்றான பிறகு, தூத்துக்குடியில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் அந்தத் தெருவில் கைப்பிள்ளையோடு தனியாக இருக்கிறவள். குரல் வந்த வீட்டில் இருப்பது பேக்கரி இசக்கிமுத்து. பின்கட்டில் அடுப்பு வைத்து மக்ரூன் போடுகிறவர். அவருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருந்த உறவு மூன்றாம் வகுப்போடு அறுந்தது என்பதும், அவருக்கு எந்த சிஸ்டரையும் தெரியாது என்பதும் தெரு அறிந்த சங்கதி.

நடந்தது இதுதான். மகள் மிலானிக்கு இரண்டு வயதாகப் போகிறது, அவள் தூங்குவதில்லை. கோழி தூங்குவதுபோலக் கண்ணை மூடுவாள், கீழே கிடத்தப் போனால் திறப்பாள். ஃபபியோலாவுக்குத் தாலாட்டு எதுவும் தெரியாது. அவள் வளர்ந்தது கான்வென்ட் ஹாஸ்டலில், அங்கே பிள்ளைகளைத் தூங்க வைத்தது ஒரு பித்தளை மணி. ஞானப்பாட்டு பாடினால் மிலானி எழுந்து உட்கார்ந்து கை தட்டினாள். சினிமாப் பாட்டுப் பாடினால் ஆடினாள். கடைசியில், வேறு வழியில்லாமல், தன் வாய்க்கு எழுத்துப் பிசகாமல் தெரிந்த ஒரே நீளமான விஷயத்தை ஃபபியோலா ராகம் போட்டு இழுத்தாள்: ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவின் அட்டெண்டன்ஸ். கொன்சாகா சிஸ்டருக்கு அந்த வருஷம் முழுக்கத் தொண்டை கட்டியிருந்தது. கிளாஸ் லீடரான ஃபபியோலாதான் தினமும் எழுந்து நின்று பேர் கூப்பிட்டாள். ஆக்னஸ், அமலா, ஆரோக்கிய செல்வி, பிபியானா, கிறிஸ்டினா, டெல்ஃபின், எமரன்சியா, எஸ்தர். அங்கே ஒரு மூச்சு. ஏனென்றால் அந்த இடத்தில் இருப்பது அவள் பேர், தன் பேரைத் தானே கூப்பிட்டுத் தானே பதில் சொல்வது பைத்தியத்துக்கு முதல் படி என்று அந்த வயதிலேயே அவளுக்குத் தோன்றியிருந்தது. மூச்சு விட்டு, பாத்திமா பீவி, ஃப்ளோரா, கோமதி.

ஃப்ளோரா என்ற பேருக்குத்தான் இசக்கிமுத்து பதில் சொன்னார். அதற்கு முந்தின பேர்களுக்கும் பதில் வந்திருக்க வேண்டும்; பிள்ளையின் சிணுங்கலில் அவள் காதில் விழவில்லை.

ஃபபியோலா மிலானியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பார்ப்போம் என்று "கோமதி" என்று இழுத்தாள். அதற்கடுத்த வீட்டிலிருந்து புருஷன், பெண்டாட்டி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பையன்கள், எல்லாரும் ஒரே தொண்டையாக, "பிரசன்ட், சிஸ்டர்" என்றார்கள். பயத்தில் நிறுத்தவும் தெரியாமல் மிச்சப் பேர்களையும் அவள் சொல்லி முடித்தாள். பிறகு தெருவில் அப்படியொரு அமைதி விழுந்தது, தூரத்தில் துறைமுகத்து கிரேன் திரும்புவது கேட்கும் அளவுக்கு. அந்த அமைதிக்குள்ளிருந்து மெதுவாக முந்திரியும் சர்க்கரையும் கருகும் வாசனை வந்தது.

அவள் போகாமல் என்ன செய்வாள்? போனாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்ட பிள்ளையை, மற்ற செருப்பு எங்கே என்று எந்த நாளும் தெரியாது, இசக்கிமுத்துவின் வீட்டுக்குள் போய் அடுப்பை அணைத்தாள். அவர் மாவுக் கையோடு மேசையில் தலை வைத்துத் தூங்கினார். தோளைத் தொட்டு உலுக்கினால் "பிரசன்ட்" என்றார், அதற்குமேல் ஒன்றுமில்லை. அடுத்த வீட்டில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதற்கடுத்த வீட்டில் மாடித் தொட்டி நிரம்பி மோட்டார் அலறியது. ஒவ்வொரு பேரும் ஒரு வீட்டைச் சாய்த்திருந்தது, வரிசையாக, தெருமுனை ஆக்னஸிலிருந்து. இருந்த இடத்தில் இருந்தபடி, வாயில் போட்ட சோற்றோடு, பாதி மடித்த சேலையோடு. மிச்சமிருந்த பேர்களுக்கு எதிர்வரிசையும், அடுத்த தெரு நாய்களும். ஒரு வீட்டிலும் கதவு தாழிட்டிருக்கவில்லை. அவள் அடுப்பை அணைத்து, விளக்கை அணைத்து, டிவியை அணைத்து, கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தி, வெளியிலிருந்து எப்படித் தாழ் போடுவது என்று தெரியாமல் விழித்து, அடுத்த வீட்டுக்குப் போனாள். விடியும் வரை போனாள். மிலானி ஒரு கொட்டாவிகூட விடாமல், இத்தனை வீட்டை இத்தனை நாள் ஏன் காட்டவில்லை என்ற முகத்தோடு கூடவே வந்தாள்.

காலையில், இடதுபக்க வீட்டு வியாகுலம் அக்கா, ஜாக்கெட் தைக்கிறவள், எஸ்தருக்குப் பதில் சொன்னவள், வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னாள்:

"ராத்திரி என்ன தூக்கம் தாயி. எங்க அம்மை வயித்துக்குள்ள கெடந்த மாதிரி."

"அக்கா, உங்க வீட்டு அடுப்பு எரிஞ்சுகிட்டே இருந்துது. நான்தான் வந்து..."

"அதான் பார்த்தேன், சாளைக் குழம்பு அடி பிடிக்காம இருக்கேன்னு. மிலானி அம்மா, நீ என்னமோ படிச்சியே, அதை இன்னிக்கும் படி. கொஞ்சம் சத்தமா."

அவ்வளவுதான். யாரும் ஆச்சரியப்படவில்லை. மழை பெய்தால் குடம் வைக்கிற ஊர் அது. ஏன் பெய்தது என்று குடம் நிறைந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். வலதுபக்க வீட்டு சவரிராயன் சார், ரிட்டயரான நாளிலிருந்து தூக்கம் வராமல் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டே விடிய வைத்தவர், பாத்திமா பீவிக்குப் பதில் சொன்னவர், அந்த ஞாயிற்றுக்கிழமையே தெருக்காரர்களைக் கூட்டி, ஒன்பது மணி செய்தி முடிந்த பிறகுதான் பேர் கூப்பிட வேண்டும், பகலில் கூப்பிடவே கூடாது என்று தீர்மானம் சொன்னார். ஒரு மத்தியானம் அவள் மறதியாக வாய்விட்டதில் மின்கம்பத்தில் ஏறியிருந்த லைன்மேன் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி சாயங்காலம் வரை தூங்கியிருந்தார். கோயிலில் இருந்து பங்குச்சாமியார் ஆள் அனுப்பினார். கண்டிக்கப் போகிறார் என்று இவள் நடுங்கிக்கொண்டு போனாள். அவர், தான் தங்கும் அறைவீடு கொஞ்சம் எட்டத்தில் இருக்கிறதே, அங்கே வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட முடியுமா என்று கேட்டார்.

கொஞ்ச நாளில் வீடுகளுக்குப் பேர் ஒட்டிக்கொண்டது. "ஃப்ளோரா கடையில ரெண்டு பன்னு வாங்கிட்டு வா" என்றால் பிள்ளைகள் இசக்கிமுத்துவிடம் போனார்கள்; அவரும் மீசையைத் தடவிக்கொண்டு என்ன என்று கேட்டார். டெல்ஃபின் வீட்டுக்கும் எமரன்சியா வீட்டுக்கும் சாக்கடைச் சண்டை வந்தபோது, "உன் பேரை வாயில நுழைச்சு வெளிய எடுக்கவே ஒரு நாளாகுது, நீ பேச வந்துட்ட" என்று ஒருத்தி சொல்ல, எமரன்சியா வீட்டுக்காரி அழுதேவிட்டாள். எதிர்வரிசையின் கோடியில் இருந்த ஸெல்வியா வீட்டார் வந்து, கடைசிப் பேர் வருவதற்குள் முதல் வீட்டுக்காரர்கள் பாதித் தூக்கம் தூங்கிவிடுகிறார்கள், இது நியாயமா, வாரத்தில் ஒருநாள் கீழேயிருந்து மேலே கூப்பிட்டால் என்ன என்று முறையிட்டார்கள்.

இந்தக் கூத்தில் ஒருத்தரும் கேட்காதது ஒன்று இருந்தது. இவ்வளவு பேரைத் தூங்க வைக்கிறவளின் பிள்ளை தூங்குகிறதா?

தூங்கவில்லை. அவள் வீடு ஒன்றுதான் விழித்திருந்தது. தன் வீட்டுக்கான பேர் எது என்பது ஃபபியோலாவுக்குத் தெரியாமல் இல்லை; ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று, வெட்கத்தை விட்டு, தன் பேரைத் தானே ராகம் போட்டுக் கூப்பிட்டும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடிக்குள் இருந்தவளும் கூப்பிட்டாளே தவிரப் பதில் சொல்லவில்லை. மிலானி சீப்பை எடுத்துத் தரையில் அடித்து, இன்னொரு தடவை செய் என்றாள்.

டெல்வின் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் பண்ணினான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவன் கொஞ்ச நேரம் யோசித்து, "நல்லா தூங்கி எந்திரி, மிலா அம்மா, எல்லாம் சரியாயிரும்" என்றான். அவள் போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

முதலில் தெருக்காரர்கள் மறதியாகத்தான் அடுப்பை எரியவிட்டார்கள். பிறகு, அவள்தான் வருவாளே என்று விட்டார்கள். பிறகு, வரும்போது இதையும் செய்துவிட்டுப் போகட்டும் என்று. "மிலானி அம்மா, பாலை உறை ஊத்திரு, எனக்குக் கண்ணு சொருகிரும்." "தங்கச்சி, மூணாவது தட்டு மக்ரூனை மட்டும் திருப்பி வச்சிரு." "ஏம்மா, எங்க சின்னவன் படுக்கையை நனைப்பான், நடுவுல ஒரு தடவை தூக்கிட்டுப் போய் நிக்க வச்சிரேன், உனக்குத்தான் எப்படியும் தூக்கம் கிடையாதே." கதவுகளைத் தாழிடுவது என்ற பழக்கமே அந்தத் தெருவிலிருந்து போயிற்று. ஊரிலுள்ள வீடெல்லாம் அவளுக்குத் திறந்து கிடந்தது, அவளுக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவு இல்லை. அவள் கதவும் ராத்திரி முழுக்கப் போக வர ஒரு செங்கலை அண்டக் கொடுத்தபடியே நின்றது.

மிலானிக்கோ அது திருவிழா. சவரிராயன் சார் வீட்டு மீன்களுக்கு முதலில் குட்நைட் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அழுகை. இசக்கிமுத்துவின் மீசையை ஒரு தரம் இழுக்க வேண்டும். வியாகுலம் அக்காவின் தையல் மெஷின் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். ஒரு வீட்டுக் கரண்டியை அடுத்த வீட்டில் வைத்து, அந்த வீட்டுச் சோப்பை அதற்கடுத்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பாள்; காலையில் தெரு முழுக்கச் சாமான் மாற்றிக்கொண்டு அலையும். அதையும் "மிலானி கொண்டாந்தது" என்று ஒரு வழக்கமாக்கிக் கொண்டார்கள். பிள்ளை வைத்தது அதிர்ஷ்டம் என்று அமலா வீட்டார் யாருடையதோ ஒற்றைக் கம்மலைத் திருப்பித் தரவே இல்லை. இந்தக் கூத்தையெல்லாம் இடுப்பில் சுமந்து நடந்தவளுக்கு மட்டும் அதிலே ஒரு சிரிப்பும் வரவில்லை. டீயில் உப்புப் போட்டாள். குழந்தையின் ஜட்டியை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள். நின்றுகொண்டே கனவு கண்டாள், கனவிலும் யாரோ வீட்டு மோட்டாரை நிறுத்தினாள்.

ஒருநாள் சவரிராயன் சார் வீட்டுப் படியில் இறங்கும்போது அவள் கண் தன்னால் மூடியது. ஒரு இமைப்பு, அவ்வளவுதான். திறந்தபோது இடுப்பில் பிள்ளை இல்லை. கை மட்டும் எதையோ பிடித்திருந்தது. குனிந்து பார்த்தாள். மிலானி தலைகீழாக, செருப்பில்லாத காலோடு அவள் பிடியில் தொங்கி, படியின் கருங்கல் விளிம்புக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டு, இது புது விளையாட்டு என்று சிரித்தாள்.

அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். பிள்ளையின் காலை விடவே இல்லை. இன்னொரு தடவை இமைத்தால் கால் கைக்குக் கிடைக்காது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஜெபம் சொல்லப் பார்த்தாள், ஜெபத்துக்குப் பதில் ஆக்னஸ், அமலா என்றுதான் வந்தது.

மறுநாள் ஒன்பது மணி செய்தி முடிந்தது. தெரு அந்தந்த இடத்தில் சாய்ந்து உட்கார்ந்து, அடுப்பை எரியவிட்டு, காத்திருந்தது. பேர் வரவில்லை. விளம்பரங்கள் ஓடி முடிந்தன. பால் பொங்கியது, அவரவர் எழுந்து அணைக்க வேண்டியதாயிற்று. முதலில் இருமல்கள் கேட்டன, பிறகு சாடைப் பேச்சுகள், பிறகு செருப்புச் சத்தம். அவள் வீட்டு முன்னால் எல்லாரும் வந்து கூடிவிட்டார்கள், கைலியும் நைட்டியுமாக, தூக்கத்தைக் கடன் கேட்க வந்தவர்கள்போல.

ஃபபியோலா வாசற்படியில் நின்றாள். இடுப்பில் மிலானி, கூட்டத்தைக் கண்ட சந்தோஷத்தில்.

"என்னம்மா, உடம்புக்குச் சரியில்லையா?" என்றார் சவரிராயன் சார்.

"நான் இனிமே கூப்பிட மாட்டேன் சார்."

"இது என்ன பேச்சு. நாங்க தூங்க வேண்டாமா?"

"தூங்குங்க. இதுக்கு முன்னால தூங்குனீங்கள்ல, அதே மாதிரி."

"அது எப்படின்னு மறந்து போச்சே தங்கச்சி," என்றார் இசக்கிமுத்து. அவர் உண்மையாகத்தான் சொன்னார். படுத்துப் பார்த்திருக்கிறார், எந்தப் பக்கம் திரும்பினால் தூக்கம் வரும் என்று தெரியவில்லை.

ஆக்னஸ் வீட்டுக்காரி முன்னால் வந்தாள். "நாலு பேரைச் சொல்ல வாய் வலிக்குதாக்கும். நாங்கல்லாம் பிள்ளை வளக்கலையா?"

அது கேட்டதும் இவளுக்குள் இத்தனை நாள் கஞ்சி போட்டு மடித்து வைத்திருந்த கான்வென்ட் மரியாதை எல்லாம் ஒரேயடியாகக் கசங்கியது. "நேத்து பிள்ளையைத் தலைகீழாத் தவற விட்டேன்," என்றாள். "உங்க அடுப்பை அணைச்சிட்டு வரும்போது. கீழ கல்லு. கால் ஒண்ணு கையில மாட்டுச்சு. மாட்டலைன்னா இன்னிக்கு நீங்க எல்லாரும் வேற காரியத்துக்கு என் வாசல்ல வந்து நின்னிருப்பீங்க. பேருதானே வேணும், உங்களுக்கே மனப்பாடமா தெரியும்ல. நீங்களே கூப்பிட்டுக்கோங்க."

ஆக்னஸ் வீட்டுக்காரி தரையைப் பார்த்தாள். வெட்கத்துக்கு என்ன செய்வதென்று தெரியாதவர்கள் உடனே ஒரு வேலையில் இறங்குவார்கள். அப்படித்தான் யாரோ தொண்டையைச் செருமி, "ஆக்னஸ்" என்று ஆரம்பித்தார்கள். ராகம்கூடப் பிசகவில்லை. தூக்கத்தில் கேட்டது ரத்தத்தில் போயிருந்தது. "அமலா" என்றார்கள் நாலைந்து பேர். ஆரோக்கிய செல்விக்கு வரும்போது தெருவே சேர்ந்து இழுத்தது. ஒரு வீடும் சாயவில்லை. ஆக்னஸ் வீட்டுக்காரி கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு தானும் கூப்பிட்டாள். பிபியானா. கிறிஸ்டினா. டெல்ஃபின். எமரன்சியா. எஸ்தர்.

அங்கே தெரு முழுவதும் ஒரு மூச்சு விட்டது. அவள் தினமும் விட்ட அதே மூச்சு. பிறகு பாத்திமா பீவியைக் கூப்பிட வாயைத் திறந்த சவரிராயன் சாரை வியாகுலம் அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். துணி வெட்டுகிறவள், வெட்டு எங்கே விழுந்திருக்கிறது என்பது அவளுக்குக் கண்ணில் படும்.

"ஏட்டி, எஸ்தருக்குப் பொறவு எப்பவும் ஒரு மூச்சு விடுவியே. அங்க யாரு?"

"அங்க ஒரு பொண்ணு."

"யாரு அவ? செத்துப்போயிட்டாளா?"

"இல்லக்கா. நான்தான் அது."

"நீன்னா? மிலானி அம்மான்னா பள்ளிக்கூடத்துல கூப்பிட்டாங்க?"

கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தவள், டெல்வின் பெண்டாட்டி என்று கொஞ்ச நாள், வயிற்றுப்பிள்ளைக்காரி என்று கொஞ்ச நாள், பிறகு மிலானி அம்மா. அவளோடு ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவர்களுக்கே அவள் பேர் தெரியவில்லை.

"ஃபபியோலா," என்றாள் அவள். சொன்னதும் அது யாரோ தொலைவிலுள்ள சொந்தக்காரியின் பேர்போலத் தெரிந்தது.

"இம்புட்டு நீளப் பேரை வச்சிக்கிட்டு வாயைத் திறக்காம இருந்திருக்கா பாரு," என்றாள் வியாகுலம் அக்கா. ஜாக்கெட் அளவு கேட்பதுபோல இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். இசக்கிமுத்து வாய்க்குள் இரண்டு மூன்று தடவை உருட்டிப் பார்த்தார். பிறகு எல்லாரும், அட்டெண்டன்ஸ் ராகத்தில், எஸ்தருக்கும் பாத்திமாவுக்கும் நடுவே, அவளைக் கூப்பிட்டார்கள்.

"ஃபபியோலா."

உள்ளங்காலிலிருந்து அது ஏறியது, ஈர மணலில் நிற்கும்போது காலடி மண்ணை அலை உருவுமே, அதுபோல. இடுப்பில் இருந்த பிள்ளை திடீரென்று கனத்தது. மிலானியின் தலை அவள் கழுத்தில் வந்து விழுந்தது, வெதுவெதுப்பாக ஒரு வாய் எச்சிலோடு. ஒரு வீடு விழுந்தால் வீட்டுப் பிள்ளையும் சேர்ந்துதானே விழும். இத்தனை வீட்டில் தினமும் கண்ணால் பார்த்தும் இது அவளுக்கு உறைக்கவில்லை. விழித்திருக்கும் பிள்ளையின் கனம் அவளுக்குத் தெரியும். தூங்கும் பிள்ளையின் கனம் வேறு, அதை இன்றைக்குத்தான் சுமக்கிறாள்.

பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். சொன்னால் இந்தப் படியிலேயே சரிந்துவிடுவோம் என்று தெரியும்; மறுபடியும் கல்.

"அடுப்பு..." என்றாள்.

"எந்த அடுப்பு? உங்க வீட்டு அடுப்பா, ஊர் அடுப்பா? எல்லாம் அவங்கவங்க பாத்துக்கிடுவாங்க. நீ உள்ள போ," என்றாள் வியாகுலம் அக்கா.

அவள் திரும்பி உள்ளே போனாள். பின்னால் யாரோ, "அப்ப இன்னிக்கு நம்ம கதி?" என்று கேட்பதும், "முழிச்சிருல, செத்தா போயிருவ" என்று வியாகுலம் அக்கா சொல்வதும் கேட்டது. செங்கலைக் காலால் தள்ளினாள். கதவைச் சாத்தினாள். உப்புக் காற்றில் தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. தொட்டு எவ்வளவு காலமாயிற்று. ஒரு கையில் பிள்ளை. இன்னொரு கையால் ஆட்டினாள், அசையவில்லை. தலை கதவில் சாய்ந்தது, கண் மூடப் பார்த்தது.

வெளியே தெரு, பதில் வராத பிள்ளையை சிஸ்டர்கள் கூப்பிடுவதுபோல, இரண்டாவது தடவை கூப்பிட்டது. மூன்றாவது தடவைக்குப் பதில் வராவிட்டால் ஆப்சென்ட் என்று அவளுக்குத் தெரியும், எத்தனை பேருக்கு அவளே போட்டிருக்கிறாள். பிள்ளையைத் தோளில் ஏற்றி, உடம்பு முழுவதையும் ஒரு கட்டைவிரலில் கொண்டு வந்து வைத்து, அவள் அழுத்தினாள்.

"பிரசன்ட்," என்றாள், யாருக்கு என்று சேர்க்காமல். துருவை உரசிக்கொண்டு தாழ்ப்பாள் உள்பக்கம் போய் விழுந்தது.